பைத்தானுக்கு முன்னால் படிக்க வேண்டியது

மெட்டீரியல்ஸ் சயின்ஸில் முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்கச் சேரும் மாணவர்களுக்கு இப்போதெல்லாம் முதல் வாரத்திலேயே ஓர் அறிவுரை கிடைத்துவிடுகிறது. "பைத்தான் கத்துக்கோ, மெஷின் லேர்னிங் கத்துக்கோ, அது தெரியாம இனிமே பேப்பர் போட முடியாது." சீனியர் சொல்கிறார், கைடு சொல்கிறார், வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனியின் விளம்பரமும் அதையே சொல்கிறது. மாணவர்களும் சொன்னபடி கேட்கிறார்கள். பகலில் பெல்லட்டை உலையில் வைத்துவிட்டு, இரவில் விடுதி அறையில் உட்கார்ந்து வீடியோ வகுப்புகளை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுகிறார்கள்.

அந்த வகுப்புகளில் முதலில் வருவது பெரும்பாலும் ஐரிஸ் பூக்கள். 1936-ல் ரொனால்டு ஃபிஷர் வெளியிட்ட கட்டுரையில் இருந்த 150 பூக்களின் இதழ் அளவுகள். அடுத்து டைட்டானிக் கப்பலில் யார் பிழைத்தார், யார் மூழ்கினார் என்ற பட்டியல். அதற்கடுத்து கையால் எழுதிய எண்களின் 70,000 படங்கள். எட்டாவது வாரம் சான்றிதழ். அதை எடுத்துக்கொண்டு தன் ஆய்வகத்துக்குத் திரும்பும் மாணவியிடம் இருப்பதோ ஓர் எக்ஸெல் ஷீட், அதில் 14 வரிகள். அந்த 14 வரிகளைச் சேர்க்க ஏழு மாதம் ஆகியிருக்கிறது. இரண்டு வரிகளில் சின்டரிங் வெப்பநிலை எழுத விட்டுப்போயிருக்கிறது. ஒரு வரி மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதை வைத்துக்கொள்வதா, தூக்கிவிடுவதா? எட்டு வார வகுப்பில் இந்தக் கேள்வியே வரவில்லை.

டேட்டா சயின்ஸ் மெட்டீரியல்ஸ் ஆராய்ச்சிக்குத் தேவையா என்பதில் இனி விவாதத்துக்கு இடமில்லை. தேவைதான். பிரச்சினை வரிசையில் இருக்கிறது. மாடியை முதலில் கட்டிவிட்டு அஸ்திவாரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது போல, கடைசியில் வரவேண்டியது முதலில் கற்பிக்கப்படுகிறது. முதலில் வரவேண்டியதோ பல இடங்களில் பாடத்திட்டத்திலேயே இல்லை.

இந்த அவசரம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்க்கலாம். 2011 ஜூனில் அன்றைய அமெரிக்க அதிபர் ஒபாமா 'மெட்டீரியல்ஸ் ஜீனோம் இனிஷியேட்டிவ்' என்ற திட்டத்தை அறிவித்தார். ஒரு புதிய பொருள் ஆய்வகத்திலிருந்து சந்தைக்கு வர 10 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன, அதைப் பாதியாக்க வேண்டும், செலவும் குறைய வேண்டும் என்பது இலக்கு. அதே ஆண்டு பெர்க்லியில் மெட்டீரியல்ஸ் ப்ராஜெக்ட் என்ற தரவுத்தளம் தொடங்கியது. இன்று அதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சேர்மங்களின் கணக்கிடப்பட்ட பண்புகள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். சந்தா கட்டவேண்டிய தரவுத்தளங்களை வாங்க முடியாத ஒரு சிறிய கல்லூரியின் மாணவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சும்மா சொல்லக்கூடாது, இந்தத் துறையில் கடந்த 15 ஆண்டுகளில் நடந்த நல்ல காரியங்களில் அது ஒன்று.

ஆனால் அந்த எண்கள் என்ன எண்கள்? பெரும்பாலும் அவை குறையே இல்லாத ஒரு படிகத்துக்கு, கெல்வினில் பூஜ்ஜிய வெப்பநிலையில், ஒரு தோராயமான குவாண்டம் முறையில் கணக்கிட்டவை. சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி அறை வெப்பநிலையில் 1.12 எலக்ட்ரான் வோல்ட் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். வழக்கமாகப் பயன்படுத்தும் அந்தக் கணக்கு முறை சுமார் 0.6 தான் தரும், கிட்டத்தட்ட பாதி. இது எல்லோருக்கும் தெரிந்த, பல காலமாகப் பேசப்படும் குறை. தரவுத்தளத்தை நடத்துகிறவர்களே அதைத் தங்கள் பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். அந்த நிரலைத் தரவிறக்கி, 'ஆற்றல் இடைவெளி' என்று தலைப்புப் போட்டு, ஒரு மாடலுக்குப் பயிற்சி கொடுத்தால் மாடல் நன்றாகவே கற்றுக்கொள்ளும். எதை? அந்தக் குறையை. பிறகு 'எங்கள் மாடலின் துல்லியம் 95 சதவீதம்' என்று கட்டுரை வரும். எதோடு ஒப்பிட்டு 95 சதவீதம் என்று யாராவது கேட்டால்தான் சங்கடம்.

சரி, ஆய்வகத்தில் பிறக்கும் தரவுக்கு வருவோம்.

கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் இருக்கும் பிரச்சினை, தரவு கோடிக்கணக்கில் வந்து கொட்டுவது. உலோகவியல் மாணவிக்கு இருக்கும் பிரச்சினை நேர் எதிர். ஒரு கலவைக்கு மூன்று பெல்லட் செய்யவே அவளுக்கு ஒரு வாரம் ஆகிறது. இந்தச் சிறு தரவுப் பிரச்சினை புதியதும் இல்லை. டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட் என்பவருக்கும் இதே தலைவலிதான். பார்லியையும் ஹாப்ஸையும் வைத்து அவர் செய்யக்கூடிய சோதனைகள் நாலோ ஐந்தோ. அந்தக் காலத்துப் புள்ளியியல் பெரிய மாதிரிகளுக்காக எழுதப்பட்டது, அவருக்கு உதவவில்லை. எனவே தானே உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்து 1908-ல் வெளியிட்டார், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில். இன்றைக்கும் 'ஸ்டூடண்ட் டி டெஸ்ட்' என்று நாம் சொல்வது அவர் பெயரைத்தான். (மாணவர்களுக்காக யாரோ எழுதிய சுலபமான டெஸ்ட் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு.)

அவர் சொன்னது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு கலவையில் மூன்று பெல்லட்டுகள். விக்கர்ஸ் கடினத்தன்மை 610, 635, 660 என்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 635, திட்டவிலக்கம் 25. பெரிய மாதிரிக்கான சூத்திரத்தைப் போட்டால் 95 சதவீத நம்பிக்கை எல்லை 635-க்கு இருபுறமும் 28. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கையில் இருப்பது மூன்றே மூன்று எண்கள். கோசெட்டின் அட்டவணைப்படி 1.96-க்குப் பதில் 4.30-ஆல் பெருக்க வேண்டும். எல்லை 62 ஆகிவிடும். அதாவது உண்மையான சராசரி 573-லிருந்து 697 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இப்போது கொஞ்சம் டைட்டானியம் சேர்த்த இன்னொரு கலவை, அதிலும் மூன்று பெல்லட், அதே சிதறல், சராசரி 670. 35 புள்ளி கூடியிருக்கிறது, டைட்டானியம் வேலை செய்கிறது என்று எழுதலாமா? கூடாது. இரண்டு பக்கமும் மூன்று மூன்று பெல்லட் மட்டுமே இருக்கும்போது, வித்தியாசம் ஏறக்குறைய 57-ஐத் தாண்டினால்தான் அதை நம்பிப் பேச முடியும். 35 என்பது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம்.

இந்தக் கணக்குக்குப் பைத்தான் வேண்டாம், ஒரு கால்குலேட்டர் போதும். ஆனால் இதைச் செய்யாமல் விட்டால் நேரும் இழப்பு கால்குலேட்டர் விலையில் அடங்காது. அந்த 35 புள்ளியை நம்பி அடுத்த ஒன்றரை வருடம் டைட்டானியத்தின் பின்னால் போய்விடும் ஒரு மாணவியின் உதவித்தொகை, வயது, நம்பிக்கை எல்லாம் அதில் இருக்கிறது.

இன்னொரு குழியும் உண்டு. மூன்று பெல்லட் போதாது என்று தெரிந்ததும் ஒரே பெல்லட்டில் 30 இடத்தில் கடினத்தன்மை பார்ப்பது. முப்பது எண்கள் வந்துவிட்டன, பிழைக்கோடு சுருங்கிவிட்டது, வரைபடம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் இந்த 30 எண்கள் சொல்வது அந்த ஒரு பெல்லட்டுக்குள் இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது என்பதை மட்டும்தான். இன்னொரு நாள், இன்னொரு பொடியில், உலையின் இன்னொரு மூலையில் செய்தால் என்ன வரும் என்பதைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது. ஒரே ஆளிடம் 30 தடவை கருத்துக் கேட்டுவிட்டு, 30 பேரிடம் கருத்துக்கணிப்பு நடத்தினோம் என்று சொல்வதைப் போன்றது இது. எது ஒரு மாதிரி, எது ஒரு அளவீடு என்ற இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்துவிட்டால் டேட்டா சயின்ஸில் பாதி தெரிந்த மாதிரி. மிகையாகத் தோன்றினால் மேலே படியுங்கள்.

மெட்டீரியல்ஸ், சிவில் மாணவர்கள் மெஷின் லேர்னிங் பழகுவதற்கென்றே எல்லோரும் எடுக்கும் ஒரு தரவு இருக்கிறது, காங்கிரீட்டின் அமுக்க வலிமை. ஐ-செங் யே என்ற ஆராய்ச்சியாளரின் 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையோடு தொடர்புடையது. மொத்தம் 1030 வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ சிமெண்ட், கசடு, சாம்பல், தண்ணீர், பிளாஸ்டிசைசர், ஜல்லி, மணல் என்ற ஏழு விவரங்கள். எட்டாவதாக, எத்தனை நாள் ஆனது என்ற வயது. கடைசியில் வலிமை, மெகாபாஸ்கலில். இதை எடுத்து, 80 சதவீதத்தைப் பயிற்சிக்கும் 20 சதவீதத்தைத் தேர்வுக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு குலுக்கிப் பிரித்து, ராண்டம் ஃபாரஸ்ட்டில் போட்டால் ஆர்-ஸ்கொயர் 0.9 பக்கம் வந்துவிடும். இணையத்தில் இதை வைத்து எழுதப்பட்ட செய்முறைப் பக்கங்களுக்குக் கணக்கே இல்லை.

மாடலுக்குப் போகும் முன்னால் கோப்பைத் திறந்து முதல் நாலு வரிகளை மட்டும் படித்துப் பார்க்கலாம். மூன்றாவது வரியில் 332.5 கிலோ சிமெண்ட், 142.5 கிலோ கசடு, 228 கிலோ தண்ணீர், 932 கிலோ ஜல்லி, 594 கிலோ மணல். வயது 270 நாள், வலிமை 40.27. நான்காவது வரியிலும் அதே சிமெண்ட், அதே கசடு, அதே தண்ணீர், அதே ஜல்லி, அதே மணல். வயது 365 நாள், வலிமை 41.05. ஒரே கலவை! இப்படிக் கோப்பு முழுக்க ஒரே கலவை 3 நாள், 28 நாள், 90 நாள் என்று வெவ்வேறு வயதில் திரும்பத் திரும்ப வருகிறது. குலுக்கிப் பிரிக்கும்போது 270 நாள் வரி பயிற்சிக்கும் 365 நாள் வரி தேர்வுக்கும் போய்விடுகிறது. தேர்வில் கேட்கப்பட்ட கலவையின் விடையை மாடல் ஏற்கெனவே பார்த்துவிட்டது. கேள்வித்தாள் முன்னாலேயே வெளியான பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்குவதில் என்ன பெருமை?

நியாயமாகச் செய்வதென்றால் வரிகளைப் பிரிக்கக்கூடாது, கலவைகளைப் பிரிக்க வேண்டும். ஒரு கலவையின் எல்லா வயதும் ஒரே பக்கம்தான் இருக்க வேண்டும். அப்படிச் செய்யும்போது கிடைக்கிற மதிப்பெண்ணே புதிய கலவை ஒன்றைப் பற்றி மாடலுக்கு என்ன தெரியும் என்பதைக் காட்டும். கட்டடம் கட்டுகிறவருக்குத் தேவை அதுதான். இதற்கு நிரலில் கூடுதலாக ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரி தேவை என்று தோன்றுவதற்கு, காங்கிரீட் எப்படிச் சோதிக்கப்படுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரே நாளில் வார்த்த கட்டிகளைத் தனித்தனியாக 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று எடுத்து உடைப்பார்கள் என்பது சிவில் மாணவருக்கு அத்துப்படி. கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையிலிருந்து கடன் வாங்கிய பாடத்தில் அது வராது.

அந்தக் கோப்பின் முதல் இரண்டு வரிகள் இன்னும் சுவாரசியம். இரண்டிலும் 540 கிலோ சிமெண்ட், 162 கிலோ தண்ணீர், இரண்டும் 28 நாள். ஜல்லி மட்டும் ஒன்றில் 1040 கிலோ, இன்னொன்றில் 1055 கிலோ. வலிமை? 79.99, 61.89. பதினைந்து கிலோ ஜல்லி கூடியதால் 18 மெகாபாஸ்கல் குறைந்துவிட்டதா? எந்த மேஸ்திரியும் நம்பமாட்டார். ஏதோ ஒன்று அட்டவணையில் பதிவாகவில்லை. சிமெண்ட் வேறாக இருக்கலாம், ஜல்லி வேறாக இருக்கலாம், ஆய்வகமே வேறாக இருக்கலாம். மாடல் இதைக் கேட்காது. தரவில் இல்லாத நிரலைப் பற்றிச் சந்தேகப்படுவது மனிதருக்கு மட்டுமே முடிகிற காரியம். அதைத்தான் முதலில் கற்றுத் தரவேண்டும்.

காங்கிரீட்டிலாவது வலிமை கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. மீக்கடத்திகளுக்கு வந்தால் விஷயம் இன்னும் விபரீதம். ஜப்பானின் தேசிய பொருளறிவியல் நிறுவனம் தொகுத்த சூப்பர்கான் என்ற தரவுத்தளத்திலிருந்து எடுத்த 21,263 வரிகள் கொண்ட ஒரு பட்டியல் 2018 முதல் மாணவர்கள் மத்தியில் புழக்கத்தில் இருக்கிறது. ரசாயன வாய்பாட்டைக் கொடுத்தால் எந்த வெப்பநிலையில் மீக்கடத்தியாகும் என்று கணிக்க வேண்டும். பட்டியலில் தாமிர ஆக்சைடு குடும்பம் ஏராளம். லாந்தனத்துக்குப் பதில் ஸ்ட்ரான்ஷியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துச் சேர்த்து ஒரே சேர்மத்தை எத்தனையோ பேர் அளந்திருக்கிறார்கள். குலுக்கிப் பிரித்தால், தேர்வில் வருவதன் அண்ணனும் தம்பியும் பயிற்சியில் உட்கார்ந்திருப்பார்கள்.

2018-ல் பிரைஸ் மெரிடிக்கும் சகாக்களும் இதைச் சோதிக்க ஒரு வழி சொன்னார்கள். குடும்பம் குடும்பமாகப் பிரித்து, ஒரு குடும்பத்தை மொத்தமாக மறைத்துவிட்டு, மற்றவற்றில் பயிற்சி கொடுத்து, மறைத்த குடும்பத்தில் தேர்வு வைப்பது. குலுக்கல் முறையில் அருமையாகத் தெரிந்த மாடல்கள் இந்தத் தேர்வில் தடுமாறின. இது வெறும் கணக்குச் சண்டை இல்லை. மீக்கடத்திகளின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 1986-ல் பெட்நோர்ஸும் முல்லரும் தாமிர ஆக்சைடில் கண்டது அதுவரை யாரும் எதிர்பாராத குடும்பம். 2001-ல் மெக்னீசியம் டைபோரைடு, 39 கெல்வின். அது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த, கடையில் வாங்கக் கிடைத்த சேர்மம், குளிர வைத்துப் பார்க்கத்தான் ஆளில்லை. 2008-ல் இரும்பு ஆர்சனைடு குடும்பம். பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாமே பழைய குடும்பத்துக்கு வெளியே நடந்தவை. அண்ணனைப் பார்த்துத் தம்பியைக் கணிக்கும் மாடல் இங்கே என்ன செய்யும்?

இந்த 'வினாத்தாள் கசிவு' மெட்டீரியல்ஸ் துறைக்கு மட்டும் வந்த நோயும் அல்ல. பிரின்ஸ்டனைச் சேர்ந்த சயாஷ் கபூரும் அரவிந்த் நாராயணனும் 2023-ல் வெளியிட்ட ஆய்வில் 17 துறைகளில் 294 கட்டுரைகள் இதனால் பாதிக்கப்பட்டிருப்பதாகத் தொகுத்துக் காட்டினார்கள். பெரிய பல்கலைக்கழகங்களில் இருப்பவர்களே தவறும்போது, எட்டு வார வீடியோ பார்த்த மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கசிவைப் போலவே யாரும் பேசாத இன்னொரு சமாசாரம், தோற்றுப்போன சோதனைகள். கட்டுரைகளில் வருவது ஜெயித்தவை மட்டும்தானே? 'இந்த வெப்பநிலையில் வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை, பச்சையாக ஏதோ பசை வந்தது' என்பது நோட்டுப் புத்தகத்தோடு முடிந்துவிடும், மாணவர் பட்டம் வாங்கிப் போகும்போது நோட்டுப் புத்தகமும் பரணுக்குப் போய்விடும். அமெரிக்காவில் ஹேவர்ஃபோர்டு என்ற ஒரு சிறிய கல்லூரியில் இதை மாற்றிப் பார்த்தார்கள். பழைய நோட்டுப் புத்தகங்களில் இருந்த தோல்விகளை எல்லாம் கணினியில் ஏற்றி, ஜெயித்தவற்றோடு சேர்த்து ஒரு மாடலுக்குக் கொடுத்தார்கள். வனேடியம் செலினைட் படிகங்கள் எந்த நிலையில் விளையும் என்று கேட்டபோது அந்த மாடலின் யோசனைகளில் 89 சதவீதம் பலித்தன. அனுபவசாலி வேதியியலாளர்களின் உள்ளுணர்வுக்கு 78 சதவீதம். 2016-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இது. அதில் கவனிக்க வேண்டியது மாடலை அல்ல, அந்த நோட்டுப் புத்தகங்களை. தோற்றதையும் தேதி போட்டு, அளவு போட்டு எழுதி வைத்த மாணவர்கள் இல்லாவிட்டால் கணினியில் ஏற்ற ஒன்றும் இருந்திருக்காது. நம் ஆய்வகங்களில் எத்தனை நோட்டுகள் அப்படி ஏற்றக்கூடிய நிலையில் இருக்கின்றன? 'நேற்று மாதிரியே' என்று எழுதியிருக்கும், நேற்றைய பக்கத்தில் 'முந்தாநாள் மாதிரியே' என்று இருக்கும்.

இதெல்லாம் மாணவர் அளவில் நடப்பது, பெரிய இடங்களில் சரியாகிவிடும் என்று நினைக்கவும் வழியில்லை. 2023 நவம்பரில் கூகுள் டீப்மைண்ட் குழு 22 லட்சம் புதிய படிகங்களைத் தங்கள் மாடல் கணித்திருப்பதாகவும், அவற்றில் ஏறக்குறைய 3,80,000 நிலையானவை என்றும் அறிவித்தது. அதே சமயம் பெர்க்லியில், மனிதர் கைபடாமல் இயங்கும் ஏ-லேப் என்ற தானியங்கி ஆய்வகம் 17 நாளில் 58 இலக்குகளில் 41-ஐத் தயாரித்துவிட்டதாகக் கட்டுரை வந்தது. பத்திரிகைகள் கொண்டாடின. அடுத்த ஆண்டே திட நிலை வேதியியலாளர்கள் பதில் எழுதினார்கள். டீப்மைண்ட் பட்டியலை ஆராய்ந்த அந்தோணி சீத்தமும் ராம் சேஷாத்ரியும், புதுமை, நம்பகம், பயன் மூன்றும் சேர்ந்த சேர்மங்களுக்கு அதில் ஆதாரம் சொற்பம் என்றார்கள். ஏ-லேப் முடிவுகளை ஆராய்ந்த லெஸ்லி ஷூப், ராபர்ட் பால்கிரேவ் குழுவினர் புதிய பொருள் எதுவுமே அங்கே கண்டுபிடிக்கப்படவில்லை என்று வாதிட்டார்கள். அவர்கள் சுட்டிய காரணங்களில் முக்கியமானது, அணுக்கள் இடம் மாறி உட்காரக்கூடும் என்பதைக் கணிப்பு கணக்கில் எடுக்கவில்லை என்பது. மாடல் இரண்டு உலோகங்களைத் தனித்தனி இடத்தில் ஒழுங்காக உட்கார வைத்து 'புதிய படிகம்' என்றது. உண்மையில் அவை கலந்து உட்கார்ந்த, ஏற்கெனவே தெரிந்த சேர்மமாக இருந்தது. எக்ஸ்ரே வரைபடத்தைத் தானியங்கியாகப் பொருத்திப் பார்த்ததும் சரியாக இல்லை என்றார்கள்.

யார் சொன்னது எவ்வளவு தூரம் சரி என்ற பேச்சு தொடரட்டும். அந்த விமர்சனத்தை எழுதுவதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் மாணவர் கவனிக்க வேண்டிய இடம். 1969-ல் ஹியூகோ ரீட்வெல்ட் சொன்ன முறையில் எக்ஸ்ரே வரைபடத்தைப் பொருத்தத் தெரிய வேண்டும், பொருத்தம் மோசமானால் கண்ணில் பட வேண்டும், ஒழுங்கின்மை என்றால் என்ன என்று புரிய வேண்டும். கூடவே, ஒரு மாடல் எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது என்று கேட்கவும் தெரிய வேண்டும். இதில் எது டேட்டா சயின்ஸ், எது படிகவியல் என்று கோடு கிழிக்க முடியாது.

கோடு இல்லை என்பதற்குச் சென்னையிலேயே ஒரு சாட்சி உண்டு. 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் புரதச் சங்கிலியின் இரண்டு சுழற்சிக் கோணங்களை அச்சுகளாக வைத்து ஒரு படம் போட்டார்கள். இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கி வரலாம் என்ற தூரங்களை அதுவரை வெளியான படிக அமைப்புகளிலிருந்து திரட்டினார்கள். எந்தக் கோணங்கள் சாத்தியம், எந்தக் கோணங்களில் அணுக்கள் மோதிக்கொள்ளும் என்று கணக்கிட்டார்கள். தரவு கொஞ்சம், இயற்பியல் நிறைய. இன்றைக்கும் உலகில் எங்கே ஒரு புரத அமைப்பைத் தீர்மானித்தாலும் அது ராமச்சந்திரன் படத்தில் விலக்கப்பட்ட இடத்தில் விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நம்புகிறார்கள். ஒரு கணிப்பை எதோடு வைத்துச் சரிபார்ப்பது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பாடம் எந்த வீடியோவிலும் இல்லை.

இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு ஒன்று உண்டு. இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்க நேரம் ஏது, நிரலை இப்போது செயற்கை நுண்ணறிவே எழுதிக் கொடுத்துவிடுகிறது, புள்ளியியலும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்பார்கள். நிரலை எழுதிக் கொடுப்பது உண்மை. அதனால்தான் பைத்தான் இலக்கணத்துக்கு ஒரு பருவத்தைச் செலவழிப்பது இன்னும் அர்த்தமில்லாமல் போகிறது. ஆனால் அந்த 14 வரி எக்ஸெல் ஷீட்டில் ஆறாவது பெல்லட் வைத்த அன்று கரண்ட் போய், உலை பாதியில் அணைந்து மறுபடி ஏறியது என்ற விவரம் எந்த நிரலில் இருக்கிறது? மாணவிக்கு மட்டும்தான் அது தெரியும். அவள் எழுதி வைத்திருந்தால் உண்டு.

வேலை கிடைக்க வேண்டாமா என்ற கேள்வி இன்னும் நியாயமானது. வேண்டும்தான். ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர்களே என்பிடெல் வழியாக நல்ல டேட்டா சயின்ஸ் பாடங்களை இலவசமாகக் கொடுக்கிறார்கள், தாராளமாகப் படிக்கலாம். அதைத் துறையின் சொந்தப் பாடத்துக்கு மாற்று என்று பல்கலைக்கழகம் கை கழுவிவிடக்கூடாது, அவ்வளவுதான்.

துறையின் சொந்தப் பாடம் எப்படி இருக்கலாம்? புதிதாக ஒரு தியரி பேப்பர் வேண்டாம், ஏற்கெனவே பாரம் அதிகம். முதல் பருவத்தில் எப்படியும் கடினத்தன்மை, இழுவிசை, எக்ஸ்ரே என்று செய்முறை வகுப்புகள் இருக்கின்றன. இப்போது என்ன நடக்கிறது? நாலு பேர் கொண்ட குழு ஒரு மாதிரியை அளக்கும், நாலு ரெக்கார்டு நோட்டிலும் ஒரே எண் ஏறும், கையெழுத்து விழும். அதற்குப் பதிலாக வகுப்பில் உள்ள 20 பேரும் ஒரே எஃகுத் துண்டைத் தனித்தனியாக அளக்கட்டும், எண்களைக் கரும்பலகையில் எழுதட்டும். இருபது எண்ணும் வேறு வேறாக இருக்கும். எவ்வளவு வேறு, அதில் துண்டின் பங்கு எவ்வளவு, ஆளின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பதற்கு ஃபிஷர் 1920-களிலேயே வழி சொல்லிவிட்டார். இரண்டாவது மாதம் சோதனைத் திட்டமிடல். ஐந்து காரணிகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்காமல் எட்டே சோதனையில் எப்படிப் பார்ப்பது என்று உலை முன்னாலேயே காட்டலாம். மகலனோபிஸ் 1936-ல் சொன்ன தூர அளவையும் அங்கேயே சேர்த்துக்கொள்ளலாம், ஒரு புதிய கலவை நம்மிடம் இருக்கும் தரவிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்க்க. மாடல் என்ற சொல் மூன்றாவது மாதம் வந்தால் போதும். அப்போதும் முதலில் ஒரு நேர்கோடு. நியூரல் நெட்வொர்க் அந்த நேர்கோட்டை ஜெயித்துக் காட்டினால் பிறகு அதைப் பற்றிப் பேசலாம்.

தேர்வுக்கு அந்த 1030 வரிக் காங்கிரீட் கோப்பையே கொடுக்கலாம். மூன்று மணி நேரம். முதல் இரண்டு மணி நேரம் கோப்பைப் படித்து, அதில் என்னென்ன எழுதாமல் விடப்பட்டிருக்கிறது என்று பட்டியல் போட. மாடல் ஓட்ட மீதி ஒரு மணி நேரம் தாராளம்.